மோட்டார் மீது குற்றமில்லை

பழைய மோட்டார் வண்டி ஒன்றை விலை பேச வருகிறவர்கள் என்ஜினின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்பார்கள். டயரை உதைத்துப் பார்ப்பார்கள். தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து நோக்குவார்கள். முன்கண்ணாடியின் மேல் சாய்ந்து கிடக்கும் இரண்டு வைப்பர்களையும் இயக்கிப் பார்ப்பவர் மிகச் சிலரே. வெயில் காலத்தில் அவற்றிற்கு வேலை இல்லை. ஆகவே அவற்றின் நினைவும் நமக்கு எழுவதில்லை. ஆனால் வானம் இருண்டு மழை கொட்டத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. என்ஜின் எவ்வளவு வலிமையுடையதாயினும், பிரேக் எவ்வளவு நம்பத்தக்கதாயினும், ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் சாலைக்கும் நடுவே நிற்கும் கண்ணாடி தெளிவாக இல்லையேல் அவ்வளவும் வீண். உள்ளே அமர்ந்திருப்பவர்களின் உயிர் அந்த நேரத்தில் இரண்டு ரப்பர்ப் பட்டைகளை நம்பி நிற்கிறது.

எங்கள் வீட்டுப் பழைய வண்டியின் வைப்பர் பழுதுபட்ட விதத்தையும், அது சீர்பெற்ற விதத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு இது நேரடியாகப் பயன்படலாம். வண்டி இல்லாதவர்களும் இதில் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு என்று நம்புகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்த எனக்கே அச்செய்தி என் வீட்டு முற்றத்தில், ஒரு முதியவரின் கையிலிருந்த ஸ்பானரின் வழியாகத்தான் முழுமையாக விளங்கிற்று.

வண்டி 1984-ஆம் ஆண்டின் அம்பாசிடர். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசை அமைப்பைத் தழுவி, 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவாக்கப்பட்டு வந்த கார் அது. ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவரிடமிருந்து 1998-இல் அதை வாங்கினேன். பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனது அதில்தான். மகளின் திருமணத்தன்று மாலை சூடி நின்றதும் அதுவே. பிள்ளைகள் வெளியூர்களில் குடியேறிய பின்னர் அது பெரும்பாலும் கொட்டகையிலேயே நின்றது.

2021-ஆம் ஆண்டில் என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அன்றிலிருந்து அந்தப் பழைய வண்டிக்குப் புதிய பொறுப்பு ஒன்று வந்து சேர்ந்தது. வாரத்தில் மூன்று நாட்கள், தக்கலையிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவிலுள்ள நாகர்கோவிலுக்கு இரத்தச் சுத்திகரிப்புக்காக அவளை அழைத்துச் செல்லவேண்டும். எங்களுக்கு ஒதுக்கப்பட்டது விடியற்காலை ஆறு மணி முறை. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தின் அருகில் படுத்திருக்கவேண்டும். முடிந்து எழும்போது உடலில் உள்ள வலுவெல்லாம் வடிந்துவிட்டதுபோல் இருக்கும் என்பாள். அம்பாசிடரின் பின் இருக்கை ஒரு கட்டில் போன்று அகலமானது. திரும்பி வரும்போது அவள் தலையணை வைத்து அதில் சாய்ந்துகொள்வாள். இக்காலத்துச் சிறு கார்களில் அதற்கு இடமில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் நான் செவிகொடாததற்கு இதுவே காரணம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மழையை அறிந்தவர்களுக்கு எங்கள் சிக்கல் எளிதில் புரியும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை ஒன்றே பெருமழை. எங்களுக்கோ, ஊர் முதியோர் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு; ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வேளிமலையின் மேல் கருமேகம் வந்து அமரும். விடியற்காலை ஐந்து மணிக்கு, இருள் விலகாத வேளையில், மழைச் சாலையில் எதிரே வரும் லாரிகளின் விளக்கொளி ஈரக் கண்ணாடியில் பட்டுச் சிதறும்போது, சாலையின் ஓரம் எது, ஓடை எது என்று பிரித்தறிவது எளிதன்று.

2023 ஜூன் மாதத்தில்தான் பழுது தெரியத் தொடங்கியது. வைப்பர்கள் நின்றுவிடவில்லை, மெதுவாக நகர்ந்தன. கண்ணாடியின் நடுப்பகுதியில் ஒரு கணம் தயங்கி, பின் மூச்சு வாங்குவதுபோல் மறுபக்கம் போய்ச் சேர்ந்தன. கொட்டகையில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை நனைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். நிமிடத்திற்குப் பதினைந்து முறைதான் போய் வந்தன. நல்ல நிலையில் நாற்பத்தைந்து முறையேனும் போய்வர வேண்டும்.

எண்ணை அறிந்தபின் கணக்குப் போடாமல் இருப்பது ஆசிரியனுக்கு இயலாது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கிறது. நிமிடத்திற்கு நாற்பத்தைந்து முறை போய்வரும் வைப்பர் கண்ணாடியை ஒருமுறை துடைக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குள் வண்டி ஏழு மீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும். பதினைந்து முறை மட்டுமே போய்வரும் வைப்பருக்கோ அதே வேலைக்கு இரண்டு விநாடி வேண்டும். அதற்குள் வண்டி 22 மீட்டர் போய்விடும். அந்த 22 மீட்டருக்குள் ஒரு மிதிவண்டி குறுக்கிடலாம். ஒரு குழந்தை ஓடிவரலாம்.

ஒருநாள் வில்லுக்குறியை நெருங்கியபோது பெருமழை பிடித்துக்கொண்டது. வைப்பர்கள் நடுக்கண்ணாடியில் நின்றேவிட்டன. வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி, மழை தணியும்வரை அரைமணி நேரம் காத்திருந்தோம். மனைவி ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த கடிகாரத்தை மட்டும் இருமுறை பார்த்தாள். அடுத்த முறைக்கு வேறொருவர் காத்திருப்பார் ஆதலால், பிந்திப் போனால் சிகிச்சை நேரம் சுருங்கும். அன்று நான்கு மணி நேரம் மூன்றரை மணி நேரமாயிற்று. வெளியேற வேண்டிய நீரும் உப்பும் உடலில் தங்கினால் நேரும் தீங்கு என்னவென்று இவ்வகை நோயாளர் உள்ள வீடுகளுக்குத் தெரியும்.

மறுநாளே வண்டியை ஒரு பணிமனைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் வைப்பரை இயக்கிப் பார்த்துவிட்டு, "மோட்டார் போய்விட்டது, சார். இதற்குப் புதியது கிடைப்பது கடினம். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் தேடி வேறு மோட்டார் போடவேண்டும்" என்றார். பெங்களூரிலிருந்து மகன் தொலைபேசியில் பேசினான். "அப்பா, அம்மாவை வைத்துக்கொண்டு இப்படி நடுவழியில் நிற்கலாமா? வண்டியை விற்றுவிடுங்கள். வாடகைக் காருக்கு மாதந்தோறும் நான் பணம் அனுப்புகிறேன்" என்றான். அவன் சொன்னதில் அன்பும் இருந்தது, நியாயமும் இருந்தது. வண்டி சீராகாவிடில் விற்றுவிடுவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அதன் பின்னர்தான் எங்கள் தெருவிற்கு அடுத்த தெருவில் வசிக்கும் முதியவர் ஒருவரை அழைத்தேன். கார்களின் மின்சார வேலையில் ஐம்பது ஆண்டுகள் பழகியவர். இப்போது கடையை மூடிவிட்டு வீட்டோடு இருப்பவர். ஊரார் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படியே.

அண்ணாச்சி செய்த காரியங்களின் வரிசையே ஒரு பாடம். அவர் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. முதலில் வைப்பர் கைகள் இரண்டையும் கண்ணாடியிலிருந்து மேலே தூக்கி நிறுத்திவிட்டு, சுவிட்சைப் போடச் சொன்னார். கைகள் காற்றில் ஆடின; வேகம் மாறவில்லை. "ரப்பர் கண்ணாடியில் பிடித்துக்கொள்வதால் வந்த தாமதம் இல்லை, சாரே. நோய் உள்ளேதான்" என்றார். அடுத்து, பாட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராகக் கம்பி கொடுத்துப் பார்த்தார். வேகம் சிறிதே கூடியது. மோட்டாரின் எர்த் கம்பி வண்டித் தகட்டோடு இணையும் இடத்தில் துரு படிந்திருந்தது. உப்புத்தாளால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் முடுக்கினார். நிமிடத்திற்குப் பதினைந்து பதினெட்டாயிற்று. "இது நோயில் ஒரு பங்கு. பெரும்பங்கு இன்னும் இருக்கிறது" என்று சொல்லி, மோட்டாரின் மேல்மூடியைத் திறந்தார்.

இவ்வகை வைப்பர் வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்லிவிடுவது நன்று. மோட்டார் ஒன்றுதான், வைப்பர்கள் இரண்டு. மோட்டாரின் அச்சிலுள்ள திருகுப் பற்கள் ஒரு பற்சக்கரத்தைச் சுழற்றுகின்றன. மோட்டாரின் மிகுந்த வேகம் அதனால் குறைந்து, வலிமை கூடுகிறது. அச்சக்கரத்தின் ஓரத்தில் பொருத்திய ஒரு சிறு தண்டு, சுழற்சியை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றுகிறது. அந்த அசைவு ரேக் கேபிள் எனப்படும் ஒரு வளையும் கம்பிக்குச் செல்கிறது. கம்பியைச் சுற்றித் திருகுபோல் இன்னொரு கம்பி இறுகச் சுற்றப்பட்டிருப்பதால் அதற்குப் பற்கள் அமைந்தாற்போல் இருக்கும். ஓர் உலோகக் குழாய்க்குள் அது முன்னும் பின்னும் ஓடும். வழியில் இரண்டு இடங்களில் வீல் பாக்ஸ் என்னும் சிறு பெட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பற்சக்கரம். ரேக் கேபிள் ஓடும்போது அச்சக்கரங்கள் இப்புறமும் அப்புறமும் திரும்புகின்றன. அவற்றின் ஸ்பிண்டில்கள் கண்ணாடியின் கீழே வெளிப்பட்டு வைப்பர் கைகளைச் சுமக்கின்றன. பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தின் வைப்பர்களில் நெடுங்காலம் வழக்கிலிருந்த முறை இது. மாரிஸ் மைனர், மினி முதலிய கார்களிலும் இதைக் காணலாம்.

வைப்பரின் வரலாற்றையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் நகருக்குச் சென்றிருந்தார். அங்கே டிராம் ஓட்டுநர் பனி படிந்த கண்ணாடியின் வழியே சாலையைக் காண இயலாமல், கண்ணாடியைத் திறந்துவைத்து, குளிரில் நடுங்கிக்கொண்டே ஓட்டியதைக் கண்டார். உள்ளிருந்தபடியே ஒரு கைப்பிடியை அசைத்தால் வெளியே ரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்கும் கருவி ஒன்றை அவர் வகுத்து, 1903 நவம்பர் 10-ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அதை விற்க முயன்றபோது வணிகப் பயன் இல்லை என்று மறுக்கப்பட்டார். காப்புரிமைக் காலம் முடிந்த பின்னரே உலகத்துக் கார்கள் அனைத்திலும் வைப்பர் இடம்பெற்றது. அப்பெண்மணி 1953-இல் காலமானார். அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றம் 2011-இல்தான் அவரைத் தன் பட்டியலில் சேர்த்தது. பிறருடைய துன்பத்தைக் கண்டு இரங்கியதில் பிறந்த கருவி இது என்பதை எண்ணும்போது அதன்மேல் ஒரு மதிப்பு உண்டாகிறது.

அண்ணாச்சியின் வேலைக்குத் திரும்புவோம். மேல்மூடியைத் திறந்த அவர், மோட்டாரோடு ரேக் கேபிள் இணையும் இடத்தைக் கழற்றினார். இப்போது மோட்டாருக்குச் சுமை ஒன்றுமில்லை. சுவிட்சைப் போட்டதும் அது தேனீயைப்போல் சீராக இரைந்துகொண்டு சுழன்றது. பற்சக்கரத்தின் ஓட்டத்தில் தயக்கம் இல்லை. நாற்பது ஆண்டை எட்டும் அந்த மோட்டாரின் ஓட்டத்தைக் கண்டு நான் வியந்து நின்றேன்.

"பார்த்தீர்களா சாரே? மோட்டாருக்கு ஒரு கேடும் இல்லை. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது வேறு" என்றார் அண்ணாச்சி.

பழைய செய்தித்தாள்களை விற்கும்போது எடையைச் சரிபார்ப்பதற்காக வீட்டில் வைத்திருக்கும் சுருள்வில் தராசு அப்போது என் நினைவிற்கு வந்தது. வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு, தராசின் கொக்கியை ரேக் கேபிளின் முனையில் மாட்டி மெல்ல இழுத்தோம். இவ்வகைக் கருவிகளுக்கான பழைய பிரிட்டிஷ் பணிமனைக் கையேடுகள், கேபிளை இழுக்க 6 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோவிற்கு மேல் விசை வேண்டியிருக்கலாகாது என்று கூறும். எங்கள் தராசின் முள் ஆறு கிலோவைத் தாண்டிய பின்னரே கேபிள் அசைந்தது. நோயின் இருப்பிடம் இப்போது எண்ணாலேயே தெரிந்துவிட்டது.

கேபிளை உருவி எடுத்தோம். ஒரு காலத்தில் வெண்ணெய்போல் இருந்திருக்க வேண்டிய கிரீஸ், காய்ந்த மெழுகாகி அதன் சுருள்களில் அடைந்திருந்தது. டாஷ்போர்டின் அடியில் படுத்துக்கொண்டு வீல் பாக்ஸ் இரண்டையும் அண்ணாச்சி கழற்றினார். அந்த வயதில் அவர் அப்படிப் படுத்ததைக் காண எனக்கு மனம் பொறுக்கவில்லை. நான் படுக்க முன்வந்தபோது, "உங்களுக்குக் கரும்பலகை, எனக்கு இது" என்று சிரித்துவிட்டார். ஓட்டுநர் பக்கத்து ஸ்பிண்டிலைக் கையால் திருப்ப முடியவில்லை. ஸ்பிண்டில் வெளியே வரும் இடத்திலுள்ள ரப்பர் வளையம் வெடித்துப்போய், ஆண்டுக் கணக்கில் மழைநீர் கசிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. பித்தளைப் புஷ்ஷில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்த இறுக்கத்தையும் கேபிளின் இறுக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் மோட்டார் இவ்வளவு காலம் உழைத்திருக்கிறது.

மண்ணெண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் பாகங்களை ஊறவைத்துவிட்டு நாங்கள் தேநீர் அருந்தினோம். சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த என் மனைவி, "மோட்டார் நன்றாக இருக்கிறதென்றால், அது ஏன் அவ்வளவு சூடாகிக் கிடந்தது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஓடாமல் நின்ற நாட்களிலெல்லாம் மோட்டாரைத் தொட்டால் கை சுட்டது உண்மை. பணிமனை இளைஞர் அது பழுதுற்றதாகக் கருதியதற்கும் அதுவே காரணம்.

வகுப்பில் பலமுறை சொன்ன விளக்கத்தை அவளுக்குச் சொன்னேன். மின்மோட்டார் சுழலும்போதே, தனக்கு வரும் மின்சாரத்தை எதிர்க்கும் ஒரு மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்குகிறது. எதிர் மின்னியக்கு விசை என்று அதற்குப் பெயர். வேகமாகச் சுழன்றால் எதிர்ப்பு மிகுதி; ஆகவே அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் குறைவு. ஏதோ ஒன்று அதைத் தடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டால் எதிர்ப்பும் குறைந்துவிடுகிறது. மின்சாரம் மிகுதியாகப் பாய்கிறது. கம்பிச் சுருள்கள் சூடாகின்றன. முற்றிலும் நின்றுவிட்ட மோட்டாருக்குள்தான் மிகுதியான மின்சாரம் பாயும். நெடுநேரம் அப்படியே விட்டால் எரிந்தும் போகும். வேறொரு மோட்டாரை வாங்கிப் பொருத்தியிருந்தால், அதுவும் அந்த இறுக்கத்தோடு போராடிச் சில மாதங்களில் இதே நிலையை அடைந்திருக்கும்.

அவள் சற்று நேரம் யோசித்தாள். "அப்படியானால், மெதுவாகப் போகிறது என்று நாம் குறை சொன்ன நேரத்தில்தான் அது அதிகமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தது என்கிறீர்கள்."

"ஆம், அதுதான் உண்மை."

"இதை உங்கள் தங்கை வரும்போது அவளிடமும் ஒருமுறை சொல்லுங்கள்" என்றாள், சிரித்துக்கொண்டே.

அவள் சிரித்தாளேயன்றி, சொல்லில் ஒரு வலி இருந்தது. என் தங்கை நல்ல மனம் உடையவள். வரும்போதெல்லாம், "மைனி, இப்படியே உட்கார்ந்திருந்தால் உடம்பு மரத்துப்போகும். எழுந்து நாலு வேலை செய்யுங்கள், சுறுசுறுப்புத் தானாக வரும்" என்று ஊக்கமூட்டுவாள். சிகிச்சை முடிந்த நாளில் கட்டிலிலிருந்து அடுக்களை வரை நடப்பதற்கே என் மனைவி தன் முழு வலுவையும் செலவிடுகிறாள் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்கள் காண்பது மெதுவான நடையை மட்டுமே. அந்த நடைக்குப் பின்னே உள்ள உழைப்பு, மூடிக்குள் இருக்கும் மோட்டாரைப்போல் மறைந்து கிடக்கிறது.

அண்ணாச்சி தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஊறிய பாகங்களை எடுத்தார். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ரேக் கேபிளின் சுருள்கள் ஒவ்வொன்றையும் தேய்த்தார். குழாய்க்குள் துணியைக் கட்டிய கம்பியை விட்டு இழுத்தார். இறுகிய ஸ்பிண்டிலில் எண்ணெய் விட்டு, சுத்தியலால் அடிக்காமல், கையாலேயே இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி இளக்கினார். அதற்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஆயிற்று. "அடித்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், சாரே. ஆனால் பிறகு அது ஸ்பிண்டிலாக இருக்காது" என்றார்.

பிறகு வீல் பாக்ஸின் பற்சக்கரத்தை வெளிச்சத்தில் காட்டினார். ஒரு பக்கத்துப் பற்கள் தேய்ந்து கூர்மையாகியிருந்தன. "இதற்கும் வேறு தேடவேண்டுமா?" என்று கேட்டேன். அவர் சக்கரத்தைத் திருப்பிக் காட்டினார். மறுபக்கத்துப் பற்கள் புத்தம் புதியனவாக இருந்தன. காரணம் எளியது. வைப்பர் முழு வட்டம் சுற்றுவதில்லை; ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வட்டத்திற்குள்ளேயே போய்வருகிறது. ஆகவே எத்தனை ஆண்டு ஓடினாலும் சக்கரத்தின் ஒரு பகுதிப் பற்கள் மட்டுமே தேய்கின்றன. எதிர்ப்பக்கப் பற்கள் ஒருநாளும் தொடப்படுவதில்லை. சக்கரத்தை அரைவட்டம் திருப்பிக் கேபிளோடு பொருத்திவிட்டால், புதிய சக்கரம் கிடைத்ததற்குச் சமம். கேபிளையும் அவ்வாறே அரைச்சுற்றுத் திருப்பித் தேயாத பக்கத்தைப் பற்களுக்குக் கொடுக்கலாம். ஒரு ரூபாய் செலவில்லை.

புதிய கிரீஸைக் கேபிளில் மெல்லிதாகத் தடவி உள்ளே செலுத்தினோம். ஸ்பிண்டில்களுக்குப் புதிய ரப்பர் வளையங்கள் போட்டோம். மோட்டாரோடு இணைப்பதற்கு முன் மீண்டும் தராசை மாட்டி இழுத்தேன். முள் ஒன்றரைக் கிலோவிலேயே நிற்க, கேபிள் வழுக்கிக்கொண்டு வந்தது. வைப்பர் கைகளைப் பொருத்துவதற்கு முன்பும் ஒரு முறை உண்டு. கைகள் இல்லாமலே மோட்டாரை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, ஸ்பிண்டில்கள் தம் ஓய்வு நிலைக்கு வந்து நின்ற பின்னர்தான் கைகளை மாட்டவேண்டும். இல்லையேல் அவை கண்ணாடியின் விளிம்பிற்கு வெளியே போய்த் தகட்டில் இடிக்கும்.

இறுதியாக ரப்பர். வைப்பர் திசை மாறும் ஒவ்வொரு முறையும் ரப்பரின் மெல்லிய நுனி மறுபக்கம் மடங்கிச் சாயவேண்டும். அப்போதுதான் நீர் வழிக்கப்படும். வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்ட ரப்பர் மடங்காது. கண்ணாடியின் மேல் தத்தித் தத்திச் சென்று கோடுகளை விட்டுவிடும். ஆகவே அவற்றையும் மாற்றினோம். கண்ணாடியில் படிந்திருந்த எண்ணெய்ப் படலத்தைச் சோப்பு நீரால் இருமுறை கழுவினேன். அப்படலம் இருந்தால் எவ்வளவு நல்ல ரப்பரும் நீரைத் துடைப்பதற்குப் பதிலாகப் பரப்பவே செய்யும்.

சுவிட்சைப் போட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பத்தாறு. அரைமணி நேரம் ஓடிய பிறகும் மோட்டாரைத் தொட்டால் இளஞ்சூடுதான். அண்ணாச்சி கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்தியபோது, "மைனி உடம்பு தேறட்டும், அப்போது ஒருநாள் சாப்பிட வருகிறேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த வாரமே மழை எங்களைச் சோதித்தது. சுங்கான்கடைக்கு அப்பால் வானம் பிளந்தாற்போல் கொட்டியது. வைப்பர்கள் தயங்காமல் போய்வந்தன. சாலையோரக் கற்களும், முன்னே சென்ற பேருந்தின் சிவப்பு விளக்கும், குடை பிடித்து நடந்த பால்காரரும் தெளிவாகத் தெரிந்தார்கள். வேகத்தை மிகவும் குறைத்தே ஓட்டினேன். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மருத்துவமனை வாசலில் நின்றோம். மகனுக்குச் செய்தி சொன்னேன். வண்டியை வைத்துக்கொள்ள இசைந்தான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் வைப்பரைச் சோதித்து, எண்ணிக்கையைத் தனக்குத் தெரிவிக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தான். அதை இன்றளவும் நிறைவேற்றி வருகிறேன்.

என் தங்கையிடமும் இதையெல்லாம் சொன்னேன். தராசையும் காட்டினேன். அவள் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது, எழுந்து வேலை செய்யுமாறு மைனியை ஏவவில்லை. முறத்தில் கீரையை எடுத்துக்கொண்டு கட்டிலருகில் வந்து அமர்ந்து, ஆய்ந்துகொண்டே ஊர்க் கதைகள் பேசினாள். என் மனைவியின் கையும் தானாகவே நீண்டு ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டது.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். மழைக்கு முன்னரே வைப்பரைச் சோதியுங்கள். உலர்ந்த கண்ணாடியில் ஓட்டாமல், நனைத்துவிட்டு ஓட்டுங்கள். மெதுவாகப் போனால் முதலில் கைகளைத் தூக்கிப் பாருங்கள். பிறகு மின் இணைப்புகளைப் பாருங்கள். பிறகு கேபிளைக் கழற்றி மோட்டாரைத் தனியே ஓடவிடுங்கள். இந்த மூன்றும் முடிந்த பின்னரே புதிய மோட்டாரைப் பற்றிச் சிந்தியுங்கள்.

வீட்டிலும் இவ்வரிசை பொருந்தும். படிப்பில் பின்தங்கும் பிள்ளை, வேலையில் சோர்ந்து திரும்பும் கணவன், நடையில் தளர்ந்த பெரியவர், எதையும் முடிக்க நேரம் எடுத்துக்கொள்ளும் மருமகள் - இவர்களுள் யாரையும் "போய்விட்டது" என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர்களை எது பிடித்து இழுக்கிறது என்று ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பவர் குறைவு. பார்க்கிறவர்கள், சுத்தியலை எடுக்காமல், சிறிது எண்ணெயும் சிறிது பொறுமையும் கொண்டு செல்வார்களாக. தேயாத பற்கள் எல்லாச் சக்கரத்திலும் மறுபக்கத்தில் இருக்கின்றன.